ஆவணப் புகைப்படத்துக்காக வரலாறு படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆவணப் புகைப்படத்துக்கு, அதாவது நிஜ வாழ்க்கையைப் பதிவுசெய்யும் படவேலைக்கு, புதிதாக வருகிறவர்களின் தொகுப்புகளைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் வேலை எனக்கு அடிக்கடி வாய்க்கிறது. இப்போது வருகிறவர்கள் புகைப்பட வரலாற்றையும் கோட்பாட்டையும் நிறையப் படிக்கிறார்கள். கோட்பாட்டாளர்களின் பெயர்கள் சரளமாக வருகின்றன. படித்தது படத்துக்குள் போய்ச் சேரும் இடத்தில்தான் கோளாறு. எங்கள் தலைமுறை தடுக்கி விழுந்த அதே இடங்களில் இவர்களும் விழுகிறார்கள். ஆண்டைத் தப்பாக எழுதுவது, அனுமதி வாங்காமல் பழைய படத்தைப் பயன்படுத்துவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் யாராவது சொல்லித் திருத்திவிடுவார்கள்.

வரலாற்றை மாதிரிப் பட ஆல்பமாகப் புரட்டுவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான்.

ஒரு இளைஞர், கட்டடத் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றிய தொடரைக் கொண்டுவந்தார். ஒளி பிரமாதம். ஆனால் படத்துக்குப் படம் அதே தோரணை: தூரத்தில் நிலைத்த கண், கன்னத்தில் கை, தோளில் சாய்ந்த குழந்தை. அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரத்தியா லாங் 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில் எடுத்த ‘மைக்ரண்ட் மதர்’ (இடம்பெயர்ந்த தாய்) படத்தை அவர் பார்த்திருக்கிறாரா என்று கேட்கவே தேவையில்லை. ஒதுக்கிய படங்களைக் காட்டச் சொன்னேன். ஒன்றில் அதே பெண் கூலிக் கணக்கு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு மேஸ்திரியிடம் சண்டை போடுகிறார். இன்னொன்றில் வாய்விட்டுச் சிரிக்கிறார். இதெல்லாம் ஏன் வேண்டாமென்று வைத்தீர்கள் என்றேன்.

“அதுல கஷ்டம் தெரியல சார்.”

கூலி பாக்கிதான் அங்கே விஷயமே. அதைக் கையில் எடுத்து வைத்திருந்தும் தூக்கிப் போட்டிருக்கிறார். ‘ஆவணப் படம்’ என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தலைக்குள் உட்கார்ந்திருந்த பழைய படம் முடிவு செய்துவிட்டது. மறுபடி போய் எடுக்கலாம் என்றால் கட்டடம் முடிந்து, குடும்பங்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன.

இத்தனைக்கும் லாங் படத்தின் கதையை ஒழுங்காகப் படித்தவர் அந்தத் தோரணையைத் தொடவே யோசிப்பார். அமெரிக்க அரசின் மீள்குடியேற்றத் துறைக்காக எடுத்த படம் அது. கிராமப்புற வறுமையைக் காட்டி, நிவாரணத் திட்டங்களுக்கு ஆதரவு சேர்ப்பது துறையின் தேவை. லாங் அங்கே எடுத்ததும் ஒரு படமல்ல. தள்ளி நின்று எடுத்தவற்றில் கூடாரம், பெட்டி, வளர்ந்த மகள் எல்லாம் இருக்கின்றன. பிரபலமான படத்தில் அவை இல்லை. ஓரத்தில் கூடாரக் கம்பைப் பிடித்திருந்த கட்டைவிரலைக்கூடப் பிற்பாடு நெகட்டிவிலேயே மறைத்தார்கள்.

அந்தப் பெண்ணின் பெயரைத் தான் கேட்கவில்லை என்று 1960இல் லாங்கே எழுதினார். சாப்பாட்டுக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டார்கள் என்றும் எழுதினார். 1978இல்தான் அந்தப் பெண் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று வெளியே தெரிந்தது. செரோக்கி பழங்குடி வழிவந்தவர். அந்தப் படத்தைப் பார்த்த பெரும்பாலோர் அவரை வெள்ளைக்காரத் தாய் என்றே நினைத்திருந்தார்கள். டயர் விற்ற கதையை அவருடைய மகன் மறுத்தார், விற்பதற்கு டயரே இல்லையாம். படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்ற கசப்பு தாம்சனுக்கு இருந்தது.

இதைப் படித்தவர் களத்துக்குக் கொண்டுபோக வேண்டியது சில கேள்விகளைத்தான். யாருடைய காசில், யாருடைய தேவைக்கு எடுக்கிறோம்? சட்டகத்துக்கு வெளியே எதைத் தள்ளுகிறோம்? படத்தில் இருப்பவர் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்? அந்த இளைஞர் தன் படங்களிடம் இதைக் கேட்டிருந்தால், கூலி நோட்டுப் படம் தொடரின் முதல் படமாக வந்திருக்கும்.

படக்குறிப்பை அப்படியே நம்புவது

கிரிமியப் போரில் 1855இல் பிரிட்டிஷ் புகைப்படக்காரர் ரோஜர் ஃபென்டன் ஒரே இடத்தை இரண்டு முறை எடுத்தார். ஒன்றில் பாதை முழுக்கப் பீரங்கிக் குண்டுகள். இன்னொன்றில் பாதை காலி. எது முதலில் எடுத்தது, குண்டுகளைப் படத்துக்காகப் பாதையில் பரப்பினார்களா என்று நீண்ட காலம் வாதம் நடந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863இல் கெட்டிஸ்பர்க்கில் அலெக்சாண்டர் கார்ட்னர், பாறைகளுக்கு நடுவே இறந்துகிடக்கும் ‘குறிபார்த்துச் சுடும் வீரர்’ ஒருவரைக் காட்டினார். அதே உடல் வேறோர் இடத்தில் கிடக்கும் படங்களும் இருக்கின்றன, அதாவது உடலை அங்கே தூக்கி வந்திருக்கிறார்கள். இரண்டு சங்கதியும் பக்கத்துப் படங்களைப் பார்த்ததால்தான் தெரிந்தன. ஒரு பழைய படம் கிடைத்தால், அன்றைக்கு அதே இடத்தில் எடுத்த மற்றவை எங்கே என்று தேடுங்கள்.

ஆவணக்காப்பகத்தில் இல்லாதது நடக்கவில்லை என்று நினைப்பது

லாங் வேலை செய்த துறையில் புகைப்படப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ராய் ஸ்ட்ரைக்கர், பிடிக்காத நெகட்டிவ்களைப் பயன்படுத்த முடியாதபடி ஓட்டை போட்டார். அந்த ஓட்டைகள் பதிவாகி நிற்பதால் நமக்குத் தெரிகிறது. மற்ற இடங்களில் ஒதுக்கியது தடயமே இல்லாமல் போயிருக்கும். அப்புறம், பட்டியல் போட்டவர்களின் சொற்களில்தான் காப்பகம் பேசும். தொழிலாளியைத் தேடினால் கிடைக்காத படம், முதலாளியின் பெயரில் தேடினால் கிடைக்கும்.

மேற்கோள் ஒட்டுவது

படமெல்லாம் எடுத்து முடித்த பிறகு, தொடருக்குக் கனம் சேர்க்கத் தேடிப் பிடித்த மேற்கோளா? நீக்கிவிடுங்கள்.

கோட்பாட்டைப் படித்துப் பயந்துபோவது

அடுத்தவர் துன்பத்தைப் படமெடுப்பதே சுரண்டல் என்று படித்துவிட்டு, கேமராவைப் பைக்குள் வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சந்தேகம் நியாயமானது. ஆனால் அதே சந்தேகத்தோடு வேலை செய்தவர்களும் உண்டு. மார்த்தா ராஸ்லர் 1974–75இல் குடிப்பழக்கத்தில் விழுந்தவர்களின் இடமென்று பேர்போயிருந்த நியூயார்க்கின் பவரி தெருவை மனிதர்களே இல்லாமல் எடுத்து, குடிபோதையைக் குறிக்கும் சொற்களைப் பக்கத்தில் வைத்தார். நிகராகுவா புரட்சியைப் படமெடுத்த சூசன் மெய்சலாஸ் 2004இல் திரும்பிப் போய், அந்தப் படங்களைப் பெரிதாக்கி, எடுத்த இடங்களிலேயே நிறுத்தினார். ஒரு கட்டுரை படித்தால் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: இதனால் நாளை எதை மாற்றி எடுக்கப் போகிறேன்? வரி வரவில்லையா, சரி, அந்தக் கட்டுரை இந்த வேலைக்கு இல்லை.

படித்து முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருப்பது

முடியாது. முதல் வாரமே போய் எடுங்கள், மோசமாக வந்தாலும் பரவாயில்லை. எதைப் படிக்க வேண்டும் என்று அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் தெரியும்.