கியர் வண்டி கற்று, எட்டு போட்டு, லைசென்ஸ் வாங்குவது எப்படி: வேலூர்ப் பக்கத்துப் புதியவர்களுக்கு

"எட்டு போடத் தெரிந்தால் போதும், மத்ததெல்லாம் ரோட்டில் தானா வந்துடும்." வேலூர்ப் பக்கம் வண்டி கற்றுக்கொடுப்பவர்கள் பாதிப் பேர் இப்படித்தான் சொல்கிறார்கள். அதை நம்பி எட்டை மட்டும் மனப்பாடம் செய்து பாஸ் ஆனவர்களை கிரீன் சர்க்கிளில் பார்க்கலாம். முன்னால் ஷேர் ஆட்டோ நின்றதும் கிளட்சை விட்டுவிடுவார்கள், வண்டி குதித்து ஆஃப் ஆகும், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். எட்டு என்பது தனி வித்தை இல்லை. லைசென்ஸ் டெஸ்டில் எட்டு வடிவக் கோட்டின் மேல் வண்டியை நடக்கிற வேகத்தில், காலை ஊன்றாமல் ஓட்டத் தெரிகிறதா என்று பார்ப்பதற்கான சோதனை அது. அந்த மெதுவான ஓட்டம் கைவந்தால் எட்டும் வரும், காட்பாடி ரோட்டு நெரிசலும் சமாளிக்கும்படி ஆகும். அதனால் இந்தக் குறிப்பில் அதற்குத்தான் அதிக இடம்.

1. முதலில் எல்.எல்.ஆர்.

ரோட்டில் பழக வேண்டுமானால் எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) கையில் இருக்க வேண்டும். 18 வயது முடிந்திருக்க வேண்டும். 16 வயதில் 50 சிசி வரைக்கும் ஓட்டலாம் என்று சட்டத்தில் இருக்கிறதே என்று பிளஸ் டூ பிள்ளைகள் கேட்பார்கள். ஸ்கூட்டி பெப்பே 87 சிசி, அந்தக் கணக்கில் வராது. பிள்ளைக்கு வண்டியைக் கொடுத்தனுப்பும் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: மாட்டினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும், பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

விண்ணப்பம் 'சாரதி பரிவாகன்' இணையதளத்தில். ஆதார், வயதுச் சான்று, போட்டோ தயாராக வைத்துக்கொள்ளுங்கள். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1-ஏ தேவை. கம்ப்யூட்டர் பழக்கம் இல்லையென்றால் இ-சேவை மையத்தில் செய்துகொடுப்பார்கள். ஆர்.டி.ஓ. (வட்டாரப் போக்குவரத்து) அலுவலகத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் வீட்டு முகவரிக்குப் பக்கத்தில் உள்ளதைப் போடுங்கள். வேலூர் டி.என். 23, ராணிப்பேட்டை 73, வாணியம்பாடி 83. ஆற்காட்டிலும் வாலாஜாவிலும் இருப்பவர்கள் வேலூருக்கு அலைய வேண்டியதில்லை.

வாகன வகையைக் கேட்கும்போது 'கியர் உள்ள மோட்டார் சைக்கிள்' என்பதையே தேர்ந்தெடுங்கள். அதை வாங்கினால் ஸ்கூட்டியும் ஓட்டலாம். கியர் இல்லாததை வாங்கிவிட்டால் பிறகு பைக் ஓட்ட மறுபடியும் முதலிலிருந்து நடக்க வேண்டும்.

எல்.எல்.ஆர். தேர்வு கம்ப்யூட்டரில். தமிழிலேயே எழுதலாம், 60 சதவீதம் வாங்கினால் பாஸ். சாலைக் குறிகளை வடிவத்தை வைத்துப் படித்தால் குழப்பம் வராது. வட்டம் என்றால் கட்டளை, முக்கோணம் என்றால் எச்சரிக்கை, நீலச் செவ்வகம் என்றால் தகவல். எண்கோணம் 'நில்', தலைகீழ் முக்கோணம் 'வழிவிடு'. கை சைகைகளையும் இப்போதே பழகுங்கள், டெஸ்ட் அன்றைக்கும் கேட்பதுண்டு. எல்லாமே வலது கையால்தான். வலப்பக்கம் திரும்ப கையை நேராக நீட்டுவது, இடப்பக்கம் திரும்ப நீட்டிய கையை இடஞ்சுழியாகச் சுற்றுவது, வேகம் குறைக்க உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து மேலும் கீழும் அசைப்பது, நிறுத்த முன்கையை மேலே தூக்குவது.

எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். எடுத்து 30 நாள் ஆன பிறகுதான் டிரைவிங் டெஸ்டுக்குப் போக முடியும். அந்த 30 நாளைச் சும்மா விட்டுவிட்டு கடைசி இரண்டு நாளில் கற்றுக்கொள்கிறவர்கள்தான் கிரவுண்டில் கால் ஊன்றுகிறார்கள்.

2. வண்டி, இடம், நேரம்

உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். 100, 110 சிசி வண்டி போதும். அண்ணனின் புல்லட்டில் தொடங்க வேண்டாம். அந்த எடை சாய ஆரம்பித்தால் புதியவர் பிடித்து நிறுத்துவது கஷ்டம். எந்த வண்டியில் டெஸ்ட் கொடுக்கப் போகிறீர்களோ அதிலேயே பழகுங்கள்.

முன்னும் பின்னும் எல் போர்டு வேண்டும். வெள்ளையில் சிவப்பு எழுத்து, பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது. லைசென்ஸ் உள்ள, கற்றுக்கொடுக்கிறவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட்டைப் போட்டு வாரைப் பூட்டுங்கள், காலி மைதானமாக இருந்தாலும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். துப்பட்டாவையோ புடவைத் தலைப்பையோ இறுக்கிச் செருகிய பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.

இடத்துக்கு, பாகாயத்தைத் தாண்டியும் அணைக்கட்டு ரோட்டிலும் மனை பிரித்துப் போட்டு வீடு கட்டாத லேஅவுட்டுகள் நிறைய. தார் ரோடு, ஆள் நடமாட்டம் குறைவு. பாலாற்றில்தான் தண்ணீர் இல்லையே என்று அங்கே இறங்காதீர்கள். மணலில் முன் சக்கரம் புதைந்து ஹேண்டில் பார் தானாகத் திரும்பும், பழகியவர்களே விழுகிற இடம் அது. வேலூர் வெயில் தெரிந்ததுதானே, காலை 8 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்க ஆரம்பித்த பிறகு எதுவும் மண்டையில் ஏறாது.

3. இன்ஜினைப் போடாமல் ஒரு நாள்

முதல் நாள் சாவி போட வேண்டாம். வண்டியின் இடப்பக்கம் நின்று தள்ளிக்கொண்டு நடங்கள், திருப்புங்கள், ஸ்டாண்டு போட்டு எடுங்கள். எவ்வளவு சாய்ந்தால் கை தாங்காது என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். பிறகு சென்டர் ஸ்டாண்டு போட்டு ஏறி உட்கார்ந்து, கீழே பார்க்காமல் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள்: இடது கை கிளட்ச், வலது கை முன் பிரேக், வலது கால் பின் பிரேக், இடது கால் கியர். கியர் முறை வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. சில 100 சிசி வண்டிகளில் எல்லாமே கீழே. உங்கள் வண்டியில் எப்படி என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

4. பாதி கிளட்ச்

இதுதான் இந்தக் கலையின் உயிர். அவசரப்படாதீர்கள்.

இரண்டு காலையும் தரையில் ஊன்றி உட்கார்ந்து இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். கிளட்சை முழுதாகப் பிடித்து முதல் கியர் போடுங்கள். ஆக்சிலேட்டரைத் தொட வேண்டாம். இப்போது நான்கு விரலாலும் கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஓர் இடம் வரும்போது இன்ஜின் சத்தம் கனத்து இறங்கும், ஹேண்டில் பாரில் சின்ன நடுக்கம் தெரியும், வண்டி முன்னால் போகப் பார்க்கும். அங்கேயே விரலை நிறுத்துங்கள். அதுதான் கிளட்ச் பிடிக்கிற இடம், பாதி கிளட்ச் என்பது இதைத்தான். மறுபடி முழுதாகப் பிடியுங்கள், வண்டி அடங்கும். விடுங்கள், நடுங்கும். கண்ணை மூடினாலும் விரல் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் வரை இதையே செய்யுங்கள்.

பிறகு அந்த இடத்திலேயே பிடித்தபடி, கால்களால் நடந்துகொண்டே வண்டியோடு போங்கள். கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்தால் வண்டி உங்களைவிட ஒரு நூல் முந்தும். அப்போது பாதங்களை மேலே எடுங்கள். என் அக்கா மகனுக்குச் சொல்லிக்கொடுத்தபோது, "மாமா, காலெடுத்தா சாயுது மாமா" என்று ஒவ்வொரு முறையும் காலைப் போட்டுவிடுவான். "பயந்துகிட்டு ஆக்சிலேட்டர குறைக்கிற, அதான்டா சாயுது. கிளட்ச அப்படியே வெச்சிக்கினு தூரத்தில அந்தக் கரண்ட் கம்பத்தப் பாரு" என்றேன். கண் கீழே இருந்து எழுந்ததும் வண்டி நிமிர்ந்துவிட்டது. வண்டி நின்றால்தான் சாயும், மெதுவாகவேனும் உருண்டால் சாயாது. புதியவர்கள் பயத்தில் செய்வது இதற்கு நேர் எதிர்.

கிளட்சைப் படாரென்று விட்டால் வண்டி குதித்து ஆஃப் ஆகும். வெட்கப்பட ஒன்றுமில்லை, பிரேக்கைப் பிடித்து, நியூட்ரலுக்கு (எந்தக் கியரிலும் இல்லாத நிலைக்கு) வந்து, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள்.

5. நிறுத்துவது

"முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கிப் போட்டுடும்" என்று வீட்டுக்கு ஒருவர் சொல்வார். தவறு. பிரேக் பிடிக்கும்போது எடை முன் சக்கரத்துக்கு வருகிறது, அதனால் அங்கேதான் பிடிப்பு அதிகம். முன் பிரேக்கை மெல்ல அழுத்தி ஏற்றுங்கள், கூடவே பின் பிரேக்கும். கவிழ்ப்பது, திருப்பத்தில் அல்லது மணலில் முன் பிரேக்கை ஒரேயடியாக இறுக்குவதுதான். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வரையிலான வண்டிகளில் ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு இருக்கிறது, அதற்கு மேற்பட்டவற்றில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அதை நம்பி ஒரு பிரேக்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம்.

கிளட்சைக் கடைசியில் பிடியுங்கள். வேகத்தில் இருக்கும்போதே பிடித்துவிட்டால் இன்ஜினின் இழுவை போய் வண்டி சறுக்கிக்கொண்டு ஓடும்.

6. எட்டு

லேஅவுட்டில் சுண்ணாம்பால் பெரிய எட்டு ஒன்று போடுங்கள். பெரியதில் சுலபமாக வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சிறியதாக்குங்கள். முதல் கியர், பாதி கிளட்ச், ஒரே அளவு ஆக்சிலேட்டர், பின் பிரேக்கின் மேல் வலது பாதம் லேசாக. வேகம் கூடினால் பின் பிரேக்கால் அடக்குங்கள், குறைந்தால் கிளட்சை ஒரு நூல் விடுங்கள். எட்டுக்குள் முன் பிரேக்கே வேண்டாம். முழங்கால்கள் டேங்கை அணைத்திருக்கட்டும். வண்டி உள்பக்கம் சாயும், உங்கள் உடம்பு நிமிர்ந்தே இருக்கட்டும்.

எல்லாரும் தடுமாறுவது நடுவில், கோடுகள் குறுக்கே வெட்டுகிற இடத்தில். அங்கே வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த வட்டத்தைப் பார்க்கிறார்கள், அதற்குள் வண்டி வெளியே போய்விடுகிறது. நடுப்புள்ளிக்கு வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி அடுத்த வளைவின் தூர விளிம்பைப் பாருங்கள். கை தானாகப் பின்னால் வரும். முன் சக்கரத்தையோ தரைக்கோட்டையோ பார்த்தீர்களானால் கால் இறங்கிவிடும். இரண்டு திசையிலும் பழகுங்கள். இடது வட்டம் வருகிறவருக்கு வலது வட்டம் வராமல் இருப்பது சகஜம்.

ஸ்கூட்டியில் கிளட்ச் இல்லை. ஆக்சிலேட்டரை ஒரே அளவில் வைத்துப் பின் பிரேக்கை மட்டும் வைத்து இதே வேலையைச் செய்ய வேண்டும்.

7. ரோட்டுக்கு

தெரு, பிறகு கிராமத்து ரோடு, அப்புறம்தான் டவுன். கற்றுக்கொடுப்பவர் பின்னால் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் ஏறி இறங்கிப் பாருங்கள், மேட்டில் வண்டியின் இழுவை எப்படி மாறுகிறது என்று தெரியும். மேட்டில் நின்று கிளம்புவதை மட்டும் ஆள் இல்லாத சரிவில் தனியாகப் பழகுங்கள்: பின் பிரேக்கில் வண்டியை நிறுத்தி, கிளட்ச் பிடிக்கிற இடம் வந்து இன்ஜின் கனத்த பிறகு பிரேக்கை விட வேண்டும். பாதி கிளட்ச் கைவந்தவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை.

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வண்டி வரும் என்று எண்ணிக்கொண்டே ஓட்டுங்கள். ஷேர் ஆட்டோவுக்கு நேர் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள், கை காட்டுகிற இடத்தில் எல்லாம் நிற்கும். பெங்களூர் நெடுஞ்சாலையை லைசென்ஸ் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

8. டெஸ்ட் நாள்

எல்.எல்.ஆர்., முன்பதிவுச் சீட்டு, கொண்டுபோகும் வண்டியின் ஆர்.சி. (பதிவுச் சான்று), நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்று. இரவல் வண்டியென்றால் இந்த மூன்றையும் முதல் நாளே வாங்கிப் பாருங்கள், இல்லையென்றால் இன்சூரன்ஸ் தேதி முடிந்திருப்பது டெஸ்ட் அன்றைக்குத்தான் தெரியவரும். இண்டிகேட்டர், பிரேக் லைட், ஹாரன், இரண்டு கண்ணாடியும் வேலை செய்ய வேண்டும். எல் போர்டும் ஹெல்மெட்டும் இல்லாமல் வரிசையில் நிற்க வேண்டாம். தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள், காத்திருக்க நேரும்.

டெஸ்ட் எடுப்பவர் மோட்டார் வாகன ஆய்வாளர், நம் ஊர்ப் பேச்சில் பிரேக் இன்ஸ்பெக்டர். பெயர் கூப்பிட்டதும் அவசரமாக முறுக்கிக் கிளம்பாதீர்கள். கண்ணாடியைச் சரிசெய்து, சைடு ஸ்டாண்டு எடுத்திருக்கிறதா என்று பார்த்து, லேஅவுட்டில் செய்ததைப் போலவே மெதுவாகப் போங்கள். கால் ஊன்றினால் போச்சு.

அப்படியே போனாலும் 7 நாள் கழித்து மறுபடி கொடுக்கலாம். மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். வாசலில் வந்து "நான் முடிச்சுத் தரேன் சார்" என்று சொல்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள். விண்ணப்பம் முதல் கட்டணம் வரை எல்லாமே நீங்களே செய்ய முடிந்தவை. ஓட்டத் தெரியாமல் கையில் வருகிற அட்டை உங்களையும் காப்பாற்றாது, எதிரே வருகிறவரையும் காப்பாற்றாது.

பாஸ் ஆனால் லைசென்ஸ் தபாலில் வரும், அதனால் முகவரி சரியாக இருக்கட்டும். டிஜிலாக்கரில் உள்ளதைக் காட்டினாலும் செல்லும். 30 வயதுக்குள் வாங்கியவர்களுக்கு 40 வயது வரை புதுப்பிக்கும் வேலை இல்லை.

லைசென்ஸ் வந்ததும் எல்லாருக்கும் ஏலகிரி போக வேண்டும். 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊரில் சில மாதம் ஓட்டிவிட்டுப் போங்கள், முதல் முறை பின்னால் ஆள் ஏற்றாமல். மலையில் ஏறிவருகிற வண்டிக்குத்தான் இறங்குகிறவர் வழிவிட வேண்டும். இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்து நியூட்ரலில் விடுவது வேண்டவே வேண்டாம். முழு எடையும் பிரேக்கின் மேல் விழுந்து அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறிய அதே கியரில் இறங்குங்கள்.