குளியல் தொட்டிக்கும் டைல்ஸ் சுவருக்கும் இடையிலான இடைவெளியை அடைக்கும் முறை

குளியல் தொட்டியின் விளிம்பும் டைல்ஸ் பதித்த சுவரும் சந்திக்கும் இடத்தில் சிமெண்ட் பூச்சு நிலைப்பதில்லை. நீர் நிரம்பும்போதும் ஆள் இறங்கும்போதும் தொட்டி சற்றே அமிழ்வதால், வளைந்து கொடுக்காத எந்தப் பூச்சும் விரிசல் விட்டுவிடும். பூஞ்சையைத் தடுக்கும் குளியலறைச் சிலிக்கான் சீலண்டே (உலர்ந்த பின் ரப்பர் போல வளைந்து கொடுக்கும் அடைப்புப் பசை) அங்கு ஏற்றது.

உண்மையில் இந்த வேலையின் பெரும்பகுதி பூசுவதில் இல்லை, சுரண்டுவதில்தான் இருக்கிறது. பழைய சிலிக்கானின் மீது புதியது சரிவர ஒட்டாது என்பதால், பழையதன் இரு ஓரங்களையும் கத்தியால் கீறி, நாடாவைப் போல உரித்தெடுத்து, எஞ்சிய பிசிறுகளைப் பிளாஸ்டிக் சுரண்டியால் நீக்க வேண்டும். பிறகு ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்து, ஓர் இரவு முழுவதும் உலரவிடுங்கள். இடுக்கில் ஈரம் தங்கினால் பிடிப்பு வராது.

பூசுவதற்கு முன் தொட்டியில் நீரை நிரப்பிக்கொள்ளுங்கள். இது வீண் வேலையாகத் தோன்றலாம். ஆனால் இடைவெளி நன்றாக விரிந்திருக்கும் நிலையில் அடைத்தால்தான் பின்னர் அது இழுபட்டுப் பிரியாது. இடைவெளி 6 மி.மீ.க்கு மேல் இருந்தால் முதலில் ஃபோம் கயிற்றைத் திணிக்கவும்.

இடைவெளியின் மேலும் கீழும் மாஸ்கிங் டேப் ஒட்டி, டியூபின் மூக்கை 45 பாகை சாய்வாக வெட்டி, கையை நிறுத்தாமல் ஒரே சீராக இழுத்துச் செல்லுங்கள். சோப்பு நீரில் நனைத்த விரலால் ஒரேயொரு முறை வழித்துவிட்டு, மேற்பரப்பு ஆடை கட்டுவதற்குள் டேப்பை உரித்துவிட வேண்டும். தாமதித்தால் ஓரமும் சேர்ந்து பிய்ந்து வரும். சில வகைகள் காடி நெடி வீசும் என்பதால் சன்னல் திறந்திருக்கட்டும். தொட்டி நீரை 24 மணி நேரம் கழித்தே வெளியேற்றவும்.