விழுந்து ரெண்டு மாதமாகியும் முட்டி வலி போகலையா?

மழை நாளில் மொட்டை மாடியில் பாசி வழுக்கி, முட்டி தரையில் மோத விழுந்தேன். சிராய்ப்பு பத்து நாளில் ஆறிவிட்டது, ஆனால் முட்டிச் சில்லுக்கு மேல் குட்டி இட்லி மாதிரி ஒரு வீக்கம் மட்டும் அப்படியே நின்றது. விரலால் அழுத்தினால் மெத்தென்று நழுவும். இதற்குப் பெயர் பர்சைடிஸ். சில்லுக்கும் தோலுக்கும் நடுவே உராய்வைக் குறைக்க ஒரு மெல்லிய பை உண்டு, அடிபட்டால் அதில் நீர் கோத்துக்கொள்ளும்.

முதலில், வேறு ஏதாவதா என்று பாருங்கள். நான்கு அடி எடுத்து வைத்து நடக்க முடியவில்லை, முட்டி 90 டிகிரி மடங்கவில்லை, சில்லைத் தொட்டாலே உயிர் போகிறது, படுத்தபடி காலை நீட்டித் தூக்க வரவில்லை, இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே பற்றிக் கேளுங்கள். சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் பைக்குள் கிருமி புகுந்திருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் இன்னும் கவனம்.

அடுத்து, முட்டி போடுவதை நிறுத்துங்கள். தரை துடைப்பது, பூஜை அறையில் மண்டியிடுவது எல்லாம் கொஞ்ச நாள் வேண்டாம். எண்ணெய் போட்டு உருவி விடச் சொல்வார்கள். நானும் ஒரு வாரம் உருவினேன், இட்லி ஊத்தப்பம் ஆனதுதான் மிச்சம்.

வீக்கம் இருக்கும்வரை ஐஸ் ஒத்தடம். துணியில் சுற்றி 15 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை. ஐஸை நேராகத் தோலில் வைக்காதீர்கள். பகலில் கிரேப் பேண்டேஜ் கட்டலாம், கால்விரல் மரத்துப்போனால் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம். வலி மாத்திரையை வாரக்கணக்கில் சொந்தமாக விழுங்க வேண்டாம், வயிற்றுப்புண், கிட்னி பிரச்சினை இருந்தால் கேட்காமல் தொடவே கூடாது.

அப்புறம் தொடை. வலிக்குப் பயந்து நொண்டி நொண்டி நடந்ததில் என் தொடைத் தசை தளர்ந்திருந்தது, வீக்கம் குறைந்த பிறகும் படி இறங்கும்போது முட்டி நடுங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்து, அதைத் தரையோடு நசுக்குவது போல் அழுத்தி 5 விநாடி பிடித்து விடுங்கள். பத்து தடவை, காலையும் மாலையும். சரியாகச் செய்தால் சில்லுக்கு மேலே தொடை கல் மாதிரி இறுகும், கையை வைத்துப் பாருங்கள். வலி கூடினால் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

மூன்று நான்கு வாரத்தில் வீக்கம் கொஞ்சமும் குறையவில்லை என்றால் எலும்பு டாக்டரிடம் போங்கள், தேவைப்பட்டால் ஊசியால் நீரை எடுப்பார். எனக்கு அது தேவைப்படவில்லை. இப்போதும் தரை துடைக்க உட்கார்ந்தால் முட்டிக்கு அடியில் ஒரு பழைய தலையணை போட்டுக்கொள்கிறேன்.