தொட்டிப்பாலத் தூணில் படிக்கட்டு: லேசர் ஸ்கேன் கோப்பைச் சுருக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி, திருவனந்தபுரத்தில் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு வந்தால் வேலை முடிந்தது என்றிருந்த காலம் போய்விட்டது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் இப்போது “சாரே, லிங்க் அயச்சா மதி” என்கிறார்கள். லிங்க் அனுப்பலாம்தான். ஆனால் லேசர் ஸ்கேனர் எதிரே உள்ள பரப்பை அளந்து, நொடிக்குப் பல லட்சம் புள்ளிகளின் இருப்பிடத்தை அள்ளுகிறது. ஒரு பழைய கட்டடத்தைச் சுற்றி வந்தாலே பத்துக் கோடி புள்ளிகள் சேர்ந்துவிடும். அதைச் சுருக்கப் போய்த்தான் பையன்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

“அண்ணே, எல்.ஏ.இசட். ஆக்கினேன், அதுக்கு மேல ஜிப்பும் பண்ணிட்டேன். ஜிப்புல ஒரு எம்.பி.கூடக் குறையல” என்று ஒரு தம்பி போனில் புலம்பினான். குறையாது. ரப்பர் பாலை உறைய வைத்து ரோலரில் விட்டால் தண்ணீர் பிழிந்து ஷீட் வரும். காய்ந்த ஷீட்டை மறுபடி ரோலரில் விட்டால் எந்தத் தண்ணீர் வரப்போகிறது?

ஸ்கேன் புள்ளிகளைச் சேமிக்கும் எல்.ஏ.எஸ். கோப்பின் சுருக்கிய வடிவம்தான் எல்.ஏ.இசட். மார்ட்டின் ஐசன்பர்க் என்பவர் உருவாக்கியது. விரித்தால் ஒரு பிட் மாறாமல் அப்படியே திரும்பக் கிடைக்கும். ஒவ்வொரு புள்ளியையும் முழுதாக எழுதாமல், முந்தைய புள்ளிகளை வைத்து அடுத்தது எங்கே இருக்கும் என்று ஊகித்து, ஊகம் தவறிய வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கிறது. ஊகிக்க முடியாததை அதனால் சுருக்க முடியாது. இதைப் புரிந்துகொண்டால் பாதித் தவறுகள் தானாகவே விலகிவிடும்.

ஊகிக்கவே முடியாதவை பொய் இலக்கங்கள். தரையில் நிறுத்தி எடுக்கும் ஸ்கேனரின் துல்லியம் சில மில்லிமீட்டர். மீட்டரில் மூன்று தசம இலக்கம் எழுதினாலே தாராளம். ஆனால் எல்.ஏ.எஸ். கோப்பின் தலைப்பில், எத்தனை தசம இலக்கம் வரை எழுதுவது என்பதை முடிவு செய்யும் ‘ஸ்கேல்’ என்று ஓர் எண் உண்டு. அதை 0.001 என்று வைக்காமல் 0.00001 என்று விட்டுவிடுகிறார்கள். கூடுதலாக வரும் இரண்டு இலக்கங்களும் வெறும் இரைச்சல். ஓர் இரைச்சல் இலக்கத்துக்குச் சுமார் 3.3 பிட் வேண்டும். எக்ஸ், ஒய், இசட் மூன்றுக்கும் சேர்த்துப் பத்து பிட். பத்துக் கோடிப் புள்ளிகளுக்கு ஓர் இலக்கத்துக்கு 125 எம்.பி., இரண்டுக்கு 250. அத்தனையும் குப்பை, காசு கொடுத்து கிளவுடில் வைக்கிறோம்.

இதற்கு நேரெதிரான தவறு இன்னும் மோசம். உயரமான தூண்கள் மேல் கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்தை ஸ்கேன் செய்ததாக வைத்துக்கொள்வோம். இடங்களை மண்டலம் மண்டலமாகப் பிரித்து மீட்டரில் குறிக்கும் யு.டி.எம். முறையில் அந்த இடம் 43 வடக்கு மண்டலத்தில் வருகிறது. கிழக்கு எண் சுமார் 7.5 லட்சம் மீட்டர், வடக்கு எண் சுமார் 9.2 லட்சம். இவ்வளவு பெரிய எண்ணை 32 பிட் ஃப்ளோட்டில் (தசம எண்ணை 32 பிட்டுக்குள் அடக்கி எழுதும் முறை) எழுதினால் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே குறைந்தது 6.25 சென்டிமீட்டர் இடைவெளி விழும். 922067.119 என்பதும் 922067.150 என்பதும் ஒரே 922067.125 ஆகிவிடும். வழவழவென்று நிற்க வேண்டிய தூண், பலகைகளை நிறுத்தி அடுக்கியது மாதிரி பட்டை பட்டையாக, படிக்கட்டாகத் தெரியும். பி.எல்.ஒய். என்ற இன்னொரு வகைக் கோப்பாகச் சேமிக்கும்போது இது அடிக்கடி நடக்கிறது. புள்ளிகளைத் திறந்து பார்க்கும் கிளவுட் கம்பேர் மென்பொருளில் பெரிய எண்கள் உள்ள கோப்பைத் திறந்தால் ‘ஷிஃப்ட் பண்ணட்டுமா’ (எண்களைக் கழித்துச் சிறிதாக்கட்டுமா) என்று ஒரு பெட்டி எழும்பிக் கேட்கும். அவசரத்தில் ‘நோ’ அழுத்தினால் அங்கேயே போச்சு. கொடுமை என்னவென்றால், இப்படிக் கெட்டுப்போன கோப்பு நன்றாகவே சுருங்கும்! பையன் சந்தோஷப்படுவான். முதலில் கிழக்கு, வடக்கு எண்களிலிருந்து 922000 மாதிரி ஒரு முழு எண்ணைக் கழித்துவிட்டு வேலை செய்யுங்கள், கழித்ததைக் கோப்போடு சேர்த்துக் குறித்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டால் போதாது.

பிரௌசரில் காட்டுவதற்கு டிராக்கோ என்ற சுருக்கும் மென்பொருள் நல்ல கருவி. ஆனால் அதை அப்படியே ஓட்டினால் இருப்பிடத்துக்கு 11 பிட்தான் கொடுக்கும், அதாவது 2048 படிகள். 400 மீட்டர் நீளமுள்ள இடம் என்றால் ஒரு படி கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர். 18 பிட் கொடுத்தால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு இறங்கும். காட்சிக்கு அனுப்பியதை அளவெடுக்க அனுப்பியதாக நினைத்து ஒருவர் கைப்பிடிச் சுவரை அளந்து, என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறார். தப்பு என்னுடையதுதான், கோப்பின் பெயரில் ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம்.

புள்ளிகளைக் குறைப்பதையும் சுருக்குவது என்று சொல்லிக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு. தக்கலைப் பக்கம் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது (நிலம் தமிழ்நாடு, நிர்வாகம் கேரளம்). அதன் பூமுகத்து (முகப்பு மண்டபத்து) மரக்கூரையில் ஒவ்வொரு பூவையும் வேறு வேறாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி என்று வடிகட்டினால் பூ எல்லாம் மேடாகிவிடும். வடிகட்டுங்கள், ஆனால் நகலில்.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள். எழுத்துக் கோப்பாக, வரிக்கு ஒரு புள்ளியாக அனுப்பாதீர்கள். நிறத்தோடு ஒரு வரி 46 பைட்டைத் தொடும், அதே தகவல் எல்.ஏ.எஸ்.ஸில் 26 பைட்தான். பழைய பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்தது என்றால் 4 ஜி.பி.க்கு மேல் ஒரே கோப்பு ஏறாது. இன்டர்நெட் வேகம் மெகாபிட்டில், கோப்பு மெகாபைட்டில் (எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்). 10 மெகாபிட் அப்லோடில் 2.6 ஜி.பி. போக முப்பத்தைந்து நிமிஷம் ஆகும், நாலு நிமிஷத்தில் வரும் என்று அந்தப் பக்கம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அனுப்பும் முன் கோப்பின் எஸ்.ஹெச்.ஏ.-256 எண்ணை (கோப்பின் கைரேகை மாதிரி, உள்ளே ஒரு பிட் மாறினாலும் இது மாறிவிடும்) எடுத்து லிங்க்கோடு சேர்த்து அனுப்புங்கள். அந்தப் பக்கம் இறக்கிய பிறகு அதே எண் வருகிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வருகிறது என்று பதில் வந்த பிறகும், ஸ்கேனரிலிருந்து இறக்கிய மூலக் கோப்பை அழிக்கக் கை நீட்டாதீர்கள்.