லேபிள் பிரிண்டரில் எழுத்தடிப்பதும் திருத்துவதும்

கடலூர் முதுநகர் மாதிரி கடலுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால், மெயின் பாக்ஸில் பேனாவால் எழுதி ஒட்டிய பேப்பர் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. ஊறிப்போய், எந்த சுவிட்ச் மோட்டாருக்கு, எது ஃப்ரிட்ஜுக்கு என்றே தெரியாது. அதற்காகத்தான் கையடக்க லேபிள் பிரிண்டர் வாங்கினேன். கீபோர்டு உள்ள பிரதர் பி-டச், 12 மி.மீ. டேப். பேட்டரியும் கேசட்டும் போட்டாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. ஆன் செய்ததும் பழைய லேபிள் திரையில் நின்றால் கிளியர் பட்டனை அழுத்துங்கள். எழுத்து மட்டுமா, எழுத்தும் அமைப்பும் சேர்த்தா என்று கேட்கும். எழுத்து மட்டும் போதும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் வைத்த எழுத்தளவு, பார்டர் எல்லாம் போய்விடும்.

2. எழுத்தடியுங்கள். அடுத்த வரிக்கு என்டர். இரண்டு வரி வந்தால் எழுத்து பாதியாகச் சுருங்கும். மெயின் பாக்ஸுக்கு ஒரே வரிதான் நல்லது, தள்ளி நின்றும் படிக்கலாம்.

3. திருத்துவதில்தான் நிறையப் பேர் திணறுகிறார்கள். போனில் போல விரலை வைத்து இடம் காட்ட முடியாது, அம்புக்குறிப் பட்டனால்தான் கர்சரை நகர்த்த வேண்டும். பேக்ஸ்பேஸ் அழிப்பது கர்சருக்கு இடப்பக்கம் உள்ள எழுத்தை. அதனால் தவறான எழுத்தின் மேல் போய் நிற்காதீர்கள், அதைத் தாண்டி வலப்பக்கம் நில்லுங்கள். அழித்த இடத்திலேயே சரியான எழுத்தை அடித்தால் நடுவில் நுழைந்துகொள்ளும், மற்றவை தள்ளிப்போகும். ஒரு எழுத்துக்காகக் கிளியரைத் தொடவே வேண்டாம். இரண்டு வரியை ஒன்றாக்க, இரண்டாம் வரியின் தொடக்கத்துக்குப் போய் ஒரு பேக்ஸ்பேஸ்.

4. பிரிவியூ பார்த்துவிட்டு பிரிண்ட். டேப் வரும்போது கையால் இழுக்காதீர்கள்.

இந்தக் கீபோர்டில் தமிழ் கிடையாது. தமிழ் வேண்டுமென்றால் போனோடு இணையும் புளூடூத் பிரிண்டர்தான். சில செயலிகளில் 'கோ', 'கொ' எல்லாம் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். அப்படியானால் போனில் தட்டச்சு செய்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வெட்டி, படமாகச் சேர்த்துவிடுங்கள். ஆனால் விலை குறைந்த புளூடூத் பிரிண்டர்கள் பெரும்பாலும் மையில்லாமல் சூட்டில் கறுக்கும் பேப்பரைப் பயன்படுத்துபவை. வெயில் பட்டால் மங்கும். அஞ்சறைப் பெட்டிக்கும் ஊறுகாய் பாட்டிலுக்கும் சரி, மெயின் பாக்ஸுக்கு நான் சொல்லமாட்டேன். பி-டச்சில் போடும் லேமினேட் செய்த டிஇசட்இ (TZe) டேப்பில் எழுத்து பிளாஸ்டிக் படலத்துக்கு அடியில் பதிகிறது, ஈரத்துணியால் துடைத்தாலும் போகாது.

பின்சேர்க்கை: டேப் மிச்சமாகட்டும் என்று மார்ஜினை, அதாவது லேபிளின் ஓரத்தில் விடும் வெற்றிடத்தை, லேபிள்களைத் தொடர்ச்சியாக அடிக்கும் 'செயின்' முறைக்கு மாற்றிய சிலருக்குக் கடைசி லேபிளின் எழுத்து வெட்டுப்பட்டதாம். அந்த முறையில் கடைசி லேபிள் முழுதாக வெளியே வராமல் உள்ளேயே நிற்கும். அப்புறம் வெட்டலாம், முதலில் ஃபீட் கொடுத்து அதை வெளியே தள்ளுங்கள்.