தனுஷ்கோடி ஸ்டேஷனை எப்படி பாக்கணும்

தனுஷ்கோடி போற நிறைய பேரு சர்ச் சுவரு முன்னாடி ரெண்டு போட்டோ எடுத்துட்டு நேரா நிலம் முடியற அரிச்சல்முனைக்கு ஓடிடறாங்க, பக்கத்துலயே இடிஞ்சு நிக்கிற ஸ்டேஷன கண்டுக்கறதே இல்ல. எனக்கு அது ரொம்ப வருத்தம். அந்த ஊரே அந்த ஸ்டேஷனாலதான் பெருசாச்சு.

அதனால மொதல்ல பாம்பன்ல எறங்குங்க. 1914 பிப்ரவரில பழைய ரயில் பாலம் தொறந்த பெறகுதான் இந்தக் கதையே ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி கொழும்பு போறவங்க தூத்துக்குடி போயி கப்பல் ஏறணும். பாலம் வந்ததும் எழும்பூர்ல போட் மெயில்ங்கற ரயில் ஏறி தனுஷ்கோடில எறங்கி, கப்பல்ல தலைமன்னார் போயி, அங்கேர்ந்து மறுபடி ரயில்ல கொழும்பு. இத மனசுல வச்சிக்கிட்டு ராமேஸ்வரத்துலேர்ந்து பஸ்ஸோ ஜீப்போ புடிச்சு வாங்க, காலைலயே கெளம்பிடுங்க, இருட்டினப்புறம் அங்க நிக்க விடமாட்டாங்க, வெயிலும் தாங்காது, தண்ணி எடுத்துக்கோங்க.

ஸ்டேஷன் கிட்ட வந்ததும் உடனே போன தூக்காதீங்க. கொஞ்ச நேரம் கடல் பக்கம் திரும்பி நில்லுங்க. ரயில்லேர்ந்து எறங்கி மூட்டை முடிச்சோட கப்பலுக்குப் போன சனம் எல்லாம் இந்த மணல்லதான் நடந்துச்சு.

1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல, பாம்பன்லேர்ந்து வந்துக்கிட்டிருந்த 653-ம் நம்பர் பாசஞ்சர் ரயில் ஊருக்குள்ள நுழையறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அலை அடிச்சு மொத்தமா போயிடுச்சு, அதுல இருந்தவங்க நூறு பேருக்கு மேல, ஒருத்தர் கூட பொழைக்கல. பாம்பன் பாலத்த 46 நாள்ல சரி பண்ணிட்டாங்க, ஆனா தனுஷ்கோடிக்கு அப்புறம் ரயிலே வரல. ராமேஸ்வரத்தோட நின்னு போச்சு. எழும்பூர்லேர்ந்து ராமேஸ்வரம் போற வண்டிய இன்னைக்கும் போட் மெயில்னுதான் சொல்றாங்க.

அங்க சங்கு, பாசி விக்கிறவங்க, மீன்பிடிக்கிறவங்ககிட்ட பேசுங்க, இது முக்கியம். வருஷம் கேக்காதீங்க, "பெரியவரே, இது புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா"ன்னு கேளுங்க, பதில் தானா வரும். ஏதாவது வாங்கிக்கோங்க, அவங்க பொழப்பு அதுதான். போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

சுவருல பேரு எழுதாதீங்க, கல்லு பேத்து எடுக்காதீங்க. பவளக்கல்லு வச்சுக் கட்டினது, உப்புக்காத்துல ஏற்கனவே உதிந்துக்கிட்டே இருக்கு.