ஒரு வேளைக்கு 38½ மாத்திரை: வார்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபின் நர்ஸுகள் நாம் செய்யும் தவறுகள்

2013-ல், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில், 16 வயதுப் பையன் ஒருவனுக்கு ஒரே வேளையில் முப்பத்தெட்டரை மாத்திரை கொடுத்துவிட்டார்கள். அவன் வீட்டில் வேளைக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டிருந்த அதே ஆன்டிபயாடிக்தான்.

நடந்தது இதுதான். பையனின் எடை 38.6 கிலோ. 40 கிலோவுக்குக் கீழே இருந்தால் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்றுதான் ஆர்டர் போட வேண்டும் என்பது அங்கே விதி. கணக்குப் போட்டால் 193 மில்லிகிராம் வந்தது. மாத்திரையோ 160 மில்லிகிராம். ஆர்டரைத் திருத்தச் சொன்னார் மருந்தாளுநர். டாக்டர் 160 என்று தட்டினார். அலகுக் கட்டத்தில் நின்றது ‘மில்லிகிராம்/கிலோ’. சிஸ்டம் 160-ஐ 38.6-ஆல் பெருக்கிவிட்டது. டாக்டர், மருந்தாளுநர் இருவருக்கும் எச்சரிக்கை வந்தது. நாள் முழுக்க வந்து விழும் எச்சரிக்கைகளில் இதுவும் ஒன்று என்று இருவரும் தள்ளிவிட்டுப் போனார்கள். ரோபோ பொட்டலம் கட்டி அனுப்பியது.

கடைசியாக வாங்கிய நர்ஸுக்குச் சந்தேகம் வரத்தான் செய்தது. ஆனால் அது அவருடைய வழக்கமான வார்டு இல்லை. பார்கோடை ஸ்கேன் செய்து பார்த்தார். எல்லாம் சரி என்றது சிஸ்டம். கொடுத்துவிட்டார். பையனுக்கு வலிப்பு வந்து, நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டான்.

ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. கையில் இருக்கும் மருந்தும் ஆர்டரும் ஒன்றா என்று மட்டும்தான் அதற்குப் பார்க்கத் தெரியும். ஆர்டரே தப்பு என்றால் தப்பை அப்படியே உறுதிசெய்து கொடுக்கும். ஒரு வேளைக்கு இரண்டு மூன்று மாத்திரைக்கு மேல் போனாலே போனை எடுத்துக் கேட்டுவிடுங்கள். டாக்டர் கடுகடுத்தால் கடுகடுக்கட்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஆளை அடையாளம் காண நோயாளியின் கையில் கட்டும் பார்கோடு பட்டை நனைந்து கசங்கியிருக்கும், ஸ்கேன் ஆகாது. உடனே பட்டையை இன்னொரு காப்பி பிரிண்ட் எடுத்து நர்ஸிங் ஸ்டேஷன் மேஜையில் ஒட்டிக்கொள்வார்கள். அங்கேயே நாலு பேருக்கும் ஸ்கேன் முடிந்துவிடும். அப்புறம் மருந்தை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போகும்போது ஆளைச் சரிபார்க்க ஒன்றும் இருக்காது. இப்படிப்பட்ட குறுக்குவழிகள் 15 வகை இருப்பதாக 2008-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு பட்டியலிட்டது. இதில் நர்ஸை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பேட்டரி நிற்காத ஸ்கேனரையும் மூலைக்கட்டிலில் எட்டாத வைஃபையையும் நிர்வாகம் சரிசெய்யாதவரை குறுக்குவழி இருக்கத்தான் செய்யும்.

எனக்கு ரொம்ப உறுத்தும் தவறு வேறொன்று. எந்த வார்டிலும் நாடி, ரத்த அழுத்தம், மூச்சு எல்லாம் பதியும் வைட்டல்ஸ் பக்கத்தைத் திறந்தாலும் மூச்சு எண்ணிக்கை எல்லோருக்கும் 20 என்றே இருக்கும். நிமோனியா தாத்தாவுக்கும் 20, குடல்வால் ஆபரேஷன் முடிந்த பையனுக்கும் 20. காகிதக் காலத்திலும் இப்படித்தான் எழுதினோம், அதைப் படித்து யாரும் முடிவெடுத்ததில்லை. இப்போது சிஸ்டம் அதை வைத்து மதிப்பெண் போடுகிறது; மதிப்பெண் கூடினால் ஆபத்து என்று பொருள். பிரிட்டனில் 2012-ல் வந்த ‘நியூஸ்’ (NEWS) என்ற முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில் மூச்சு 12 முதல் 20 வரை என்றால் பூஜ்யம். 25 ஆகிவிட்டால் 3. அந்த ஒரு 3 போதும், டாக்டரைக் கூப்பிட. தாத்தா நிஜத்தில் 26 முறை மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, நாம் 20 என்று தட்டினால் திரை பச்சையாகவே இருக்கும். நெஞ்சைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுவதற்கு எந்த சாஃப்ட்வேரும் மாற்று இல்லை.

இன்னும் சில, சுருக்கமாக. ஒருவர் லாகினிலேயே எல்லோரும் ஷிஃப்ட் முழுவதும் வேலை செய்யாதீர்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் விசாரணையில் நிற்பது அந்தப் பெயருக்குரியவர். நேற்றைய குறிப்பைக் காப்பி செய்து ஒட்டாதீர்கள். போன வாரமே எடுத்துவிட்ட கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) இன்றும் ‘இருக்கிறது’ என்று வந்து நிற்கும். மானிட்டர் அலறிக்கொண்டே இருந்தால் சத்தத்தை அணைக்காமல், அலாரம் அடிக்கும் எல்லையை அந்த நோயாளிக்கு ஏற்ப மாற்றித் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். 2009 தொடங்கி மூன்றரை ஆண்டுகளில் அமெரிக்காவில் அலாரம் தொடர்பாகப் பதிவான 98 சம்பவங்களில் 80 மரணத்தில் முடிந்தன.

சர்வர் படுத்துவிடும் நாளும் வரும், பெரும்பாலும் இரவு ஷிஃப்ட்டில். ஷிஃப்ட் தொடங்கும்போதே மருந்துப் பட்டியலை ஒரு பிரிண்ட் எடுத்து வையுங்கள். சிஸ்டம் திரும்பி வந்ததும் காகிதத்தில் இருப்பதை ஏற்றும்போது, மருந்து கொடுத்த நேரத்தைப் போடுங்கள், தட்டிய நேரத்தை இல்லை. இரவு 10 மணிக்குக் கொடுத்த ஊசி 2 மணி என்று பதிவானால், காலை 6 மணி ஊசியை இப்போது போடலாமா கூடாதா என்று அடுத்த ஷிஃப்ட் சிஸ்டர் முழிப்பார்.